ரங்கூனுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எந்த மரியாதையைச் சொல்லித்தருவது?

#1 ஞாயிறு வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். ஐராவதி டெல்டா, பெகு, தட்டோன் பக்கத்து நம்ம ஊர்களிலிருந்து ரங்கூனுக்குக் கடை வேலைக்கும் தையல் ஆலைக்கும் வருகிற பிள்ளைகளுக்காக, கோயில் வகுப்பில் கொடுக்க ரெண்டு பக்கத் தாள் ஒன்று தயாராகிறது. வாடகை, பஸ், சம்பளம் எல்லாம் எழுதியாச்சு. மரியாதை என்ற பகுதியில்தான் பேனா நின்னுபோச்சு.

வருகிற பிள்ளைகள் நல்லா வளர்க்கப்பட்ட பிள்ளைகள். பெரியவர் வந்தால் எழுந்து நிற்கும், யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கும். அப்படியும் முதல் மாதத்திலேயே ரெண்டு பக்கமும் மனவருத்தம் வருது. கடைக்காரர் "பிள்ளை வெடுக்குனு பேசுது" என்கிறார். பிள்ளை "இந்த ஊர்ல யாருக்கும் மரியாதையே தெரியலை" என்கிறது.

"பணிவாக இரு" மாதிரிப் பொதுவாக எழுதினால் பிரயோசனம் இல்லை. எந்தச் சொல், எந்தக் கை, எங்கே நிற்பது, எங்கே தப்பாகும், ஏன் தப்பாகும் என்று எழுதுங்கள்.

#2 பெகு அக்கா

முதலில் வாய். தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை பர்மியம் நல்லாப் பேசினாலும் நாலு இடத்தில் மரியாதை கழன்றுவிடும்.

முதல் இடம் "ம்". பெரியவர் ஏதாவது சொல்லும்போது நாம "ம்... ம்..." என்று கேட்பது கவனமாக் கேட்கிறோம் என்பதற்கு அடையாளம். பர்மியக் காதில் அது "இங்" என்று விழும். "இங்" என்பது பெரியவர் சின்னவருக்குச் சொல்லும் ஆமாம். முதலாளி ஒரு வேலை சொல்ல, பிள்ளை "ம்" என்றால், "சரி சரி போ" என்று பிள்ளை முதலாளிக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். "ஹொக்கே" என்று வாயைத் திறந்து சொல்லணும். நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்.

ரெண்டாவது "பா". நம்ம "வாங்க, உட்காருங்க, கொடுங்க" என்பதில் "ங்க" செய்கிற வேலையைப் பர்மியத்தில் "பா" செய்யும்: லாபா, தைங்பா, பேபா. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வாயில் வரத் தயங்கும். காரணம், நம்ம "வாப்பா, சொல்லுப்பா" எல்லாம் சின்னவரிடமும் நெருங்கியவரிடமும் பேசுவது. பெரியவரிடம் போய் "பா" போடுவதா என்று பிள்ளை தன்னறியாமல் அதை விழுங்கிவிடும். மிச்சம் நிற்பது வெறும் "லா", "தைங்", "பே". வா, உட்கார், கொடு! கடைக்காரர் "வெடுக்குனு பேசுது" என்று சொல்வதில் பெரும்பாதி இதுதான். தாளில் ஒரே வரியாக எழுதுங்கள்: தமிழில் "ங்க" வருகிற ஒவ்வொரு இடத்திலும் பர்மியத்தில் "பா" வரணும்.

மூன்றாவது, "தம்பி". அண்ணன் கூப்பிட்டாலும் அக்கா கூப்பிட்டாலும் நமக்குத் தம்பி தம்பிதான். பர்மியத்தில் கூப்பிடுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஆண் கூப்பிட்டால் "ஞீலே", பெண் கூப்பிட்டால் "மௌங்லே". நம்ம பெண் பிள்ளைகள் அண்ணன்மார் பேசுவதைக் கேட்டுப் பழகி "ஞீலே" என்பார்கள், கேட்கிறவர் சிரிப்பார். தங்கைக்கு ரெண்டு பேரும் "ஞீமலே" என்றே சொல்லலாம். மூத்தவருக்கு "அக்கோ", "அமா", அதுவும் ரெண்டு பேருக்கும் பொது.

நான்காவது, தன்னைச் சொல்லும் சொல். ஆண் "ச்சனோ", பெண் "ச்சமா". வாக்கியத்தின் கடைசியில் ஆண் "கம்யா", பெண் "ஷின்". யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்பாமல் இதே "கம்யா", "ஷின்" என்று குரல் கொடுத்தால் போதும், அந்த ஒரு அசையிலேயே பிள்ளையைப் பற்றி நல்ல எண்ணம் வந்துவிடும்.

#3 துணிக்கடை மேசை

அக்கா சொன்னதோடு வயசுக் கணக்கையும் சேர்க்கணும். கிராமத்தில் ஆளை ஒரு படி மூத்தவராகக் கூப்பிடுவது மரியாதை. முப்பத்தைந்து வயதுப் பெண்ணை "அத்தை" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இங்கே கடைக்கு வரும் அதே வயதுப் பெண்ணை "ஆன்ட்டி" என்றால் முகம் சுருங்கும், வாங்க வந்தவர் வாங்காமலும் போவார். சந்தேகமாக இருந்தால் "அமா". ஐம்பதுக்கு மேல் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பெண்ணுக்கு "ஆன்ட்டி", ஆணுக்கு "ஊலே". சீருடையில் இருப்பவர், அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவர், வைத்தியர், ஆசிரியர் எல்லாரும் "சயா", "சயாமா".

பேருக்கு முன்னால் மரியாதை அடைமொழியாக ஊ, டோ, கோ, மா போடுவதில் ஒன்று மறக்கக்கூடாது: அடுத்தவர் பேருக்குப் போடணும், தன் பேரைச் சொல்லும்போது "ஊ", "டோ" போடக்கூடாது. நம்ம ஆட்களில் சிலர் படிவத்தில் இருப்பதை அப்படியே வாயாலும் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது கை. வலது கையால் கொடுக்கணும் என்பது நம்ம பிள்ளைக்குப் பிறவிப் பழக்கம், அதில் குறை இல்லை. ஆனால் இடது கை சும்மா தொங்கும். பர்மிய முறையில் பெரியவருக்குப் பணமோ பொருளோ கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இடது கை விரல்கள் வலது முழங்கைக்குக் கீழே தொட்டபடி இருக்கணும். இல்லாவிட்டால் ரெண்டு கையாலும் நீட்டணும். கடையில் இதை ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்ய வேண்டிவரும். முதல் ரெண்டு நாள் நினைவாகச் செய்தால் மூன்றாம் நாள் கை தானாகப் போகும். சில்லறையை மேசைமேல் தள்ளிவிடுவது, நோட்டை ஒற்றை விரலில் நீட்டுவது ரெண்டும் கூடாது.

காலையில் முதல் வியாபாரம் நம்ம ஊர்ப் போணி மாதிரியே இங்கேயும் உண்டு. "ஸே ஊ பௌ" என்று சொல்லி அந்தப் பணத்தால் சரக்கைத் தட்டித் தட்டி வைப்பார்கள். அந்த நேரத்தில் போய் நீளமாகப் பேரம் பேசி, வாங்காமல் திரும்புவது மரியாதையில்லை. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பத்து மணிக்கு மேல் போய் விலை கேளுங்கள்.

#4 தன்லின் பெரியவர்

எல்லாம் சரிதான். ஆனால் நீங்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தையும் கையும் வெளிப்பூச்சு. ஊரில் ஒருத்தர் வழியில் வந்தால் "எங்க கிளம்பிட்டீங்க, சாப்பிட்டாச்சா" என்று கேட்பது, அந்த ஆள் இருக்கிறார் என்பதை ஒத்துக்கொள்வது. பர்மியரும் அப்படித்தான், "பே துவா மலோலே", "தமின் சாபீபிலா" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். ரங்கூனில் ஒரே படிக்கட்டில் பத்து வருஷம் ஏறி இறங்கும் ரெண்டு குடும்பம் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதை மரியாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

இன்னொன்று. 1931 கணக்கெடுப்பில் இந்த ஊர் ஜனத்தில் பாதிக்கு மேல் இந்தியர். அன்றைக்கு நம்ம முறையே நகரத்தின் முறைகளில் ஒன்றாக நடந்தது. கடைகள் தேசியமயமாகி 1964ல் கப்பல் கப்பலாக ஆட்கள் போன பிறகு மிச்சம் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், வீட்டுக்கு வெளியே தமிழைக் குறைத்தார்கள். அந்த அடக்கத்தில் பயமும் கலந்திருக்கிறது. அதையும் மரியாதைக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

#5 அஞ்சாம் மாடி

ஐயா சொல்கிற ரெண்டாவது விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. முதல் விஷயத்தில் உண்டு.

ஊரில் ஒரு நாளைக்கு வழியில் பார்ப்பது இருபது பேர். எட்டு மாடிக் கட்டடத்தில் மாடிக்கு ரெண்டு வீடு, வீட்டுக்கு அஞ்சு பேர் என்று வைத்தால் ஒரே படிக்கட்டில் எண்பது பேர். கையில் தண்ணீர்க் கேனோ அரிசியோ தூக்கி ஏறுகிறவரை நிறுத்தி "எங்கே போய் வர்றீங்க" என்றால் அவர் மூச்சிரைக்க நின்று பதில் சொல்லணும். இங்கே அவருக்குக் காட்டும் மரியாதை, சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவது. சுமையோடு ஏறுகிறவருக்கு முதல் வழி, சுமையோடு இறங்குகிறவருக்கு அடுத்தது, வெறுங்கையோடு இருப்பவர் வளைவில் காத்திருக்கணும். கண்ணைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தால் போதும். பெரியவர் என்றால் உடம்பைக் கொஞ்சம் குனிந்து கடக்கணும்.

படிக்கட்டு விஷயத்தில் இன்னும் ரெண்டு. செருப்பைப் படியில் விடக்கூடாது. உங்கள் கதவுக்கு நேராக, சுவரோரம் விடுங்கள், இல்லை உள்ளே எடுத்துவிடுங்கள். மின்சாரம் முறை வைத்து வரும் ஊர் இது, இருட்டில் இறங்குகிறவர் கால் அதில்தான் மாட்டும். அடுத்து, மாடித் தளத்தில் நின்று போன் பேசக்கூடாது. படிக்கட்டுக் கூடு குழாய் மாதிரி, மூன்றாம் மாடியில் பேசுவது ஏழாம் மாடி வரை கேட்கும். நம்ம ஆட்களின் குரல் வயல்வெளிக்குப் பழகியது. வயலில் அது குறை இல்லை, இங்கே எண்பது பேர் நம்ம வீட்டுக் கதையைக் கேட்பார்கள்.

#6 பன்சோடான் படித்துறை

அஞ்சாம் மாடி அக்கா, கயிற்றைப் பற்றி நீங்கள் எழுதினால்தான் சரியாக இருக்கும். புதுப் பிள்ளைகள் அதைக் கண்டபடி இழுக்கிறார்கள்.

#7 அஞ்சாம் மாடி

எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் கயிறு தொங்கும். மேல்நுனி பால்கனியில் ஒரு மணியில் கட்டியிருக்கும். கீழ்நுனியில் காகிதம் பிடிக்கிற கிளிப், இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பை, சில வீட்டில் சின்னக் கூடை. பத்திரிகை, கடிதம், பில், காலைப் பலகாரம் எல்லாம் அதில்தான் ஏறும். கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும் என்பதால் இன்றைக்கும் நிற்கிறது. எட்டு மாடி ஏறி வர வேண்டியவருக்கு அந்தச் சிரமத்தை மிச்சம் பிடிப்பதும், வீட்டிலிருப்பவர் சமையலை விட்டு எட்டு மாடி இறங்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கயிறுதான். இந்த ஊர் மரியாதையை ஒரு பொருளில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

முதலில் சரியான கயிறா பாருங்கள். ஒரு வாசலில் ஆறேழு கயிறு தொங்கும். நுனியில் வர்ணத் துணியோ, வீட்டு எண் எழுதிய அட்டையோ கட்டியிருக்கும். அது இல்லையென்றால் கீழே நின்று கயிற்றைக் கண்ணால் மேலே வரை தொடருங்கள். காற்றில் கயிறுகள் பின்னிக்கொள்வதால் நடுவில் மாறிப்போகும், அதனால் மேலே கட்டியிருக்கும் இடம் வரை பார்த்தே ஆகணும். தப்பான கயிற்றை இழுத்தால் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் வேறொரு வீட்டில் மணி அடிக்கும்.

ரெண்டு முறை மெல்ல இழுங்கள், ஒரு சாண் அளவுக்கு. ஒரே வெட்டாக இழுத்தால் மணி கொக்கியிலிருந்து கழன்று தெருவில் விழும். நைலான் கயிறு வெயிலில் காய்ந்து இற்றுப்போயிருந்தால் நடுவில் அறுந்துவிடும். இழுத்ததும் சுவரோரமாகவே நிற்காமல் நாலடி பின்வாங்கி, மேலேயிருந்து பார்த்தால் உங்கள் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். இது முக்கியம். யார் என்று தெரியாமல் யாரும் கயிற்றைத் தூக்க மாட்டார்கள். நூறு வரை எண்ணுங்கள். பிறகு இன்னொரு முறை இழுக்கலாம். மூன்றாவது முறை வேண்டாம், வீட்டில் ஆள் இல்லை, அல்லது இப்போது முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளணும்.

கிளிப்பில் காகிதம் மட்டும். பணம் என்றால் மடித்து உறையில் போட்டு, உறையை ரெண்டாக மடித்துப் பிடிக்கவைக்கணும். பையில் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பாரம் கூடினால் கயிறு சுழன்று கீழ்மாடிக்காரர் ஜன்னல் கண்ணாடியில் போய் இடிக்கும். மீனும் இறைச்சியும் அனுப்புவதானால் ரெண்டு பையில் போட்டு முடிச்சு இறுக்கணும். ஒரு சொட்டு நீர் மூன்றாம் மாடியில் காயப்போட்ட துணியில் விழுந்தால் அந்த வீட்டோடு ஒரு வருஷப் பேச்சு போச்சு. மேலே தூக்குகிறவர் கையை மாற்றி மாற்றி நிதானமாக இழுக்கணும், பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போகக்கூடாது. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கயிறு வேண்டாம், போன் பண்ணுங்கள்.

துணி என்றதும் ஞாபகம். பெண்களின் தமெய்ன், பாவாடை, சேலை எதையும் பால்கனியின் உயரக் கொடியில் போடாதீர்கள். ஆண் தலைக்கு மேல் பெண்ணின் கீழாடை வந்தால் அவனுடைய "ஹ்பொன்" என்கிற ஆண் மகிமை குறையும் என்று பர்மியர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை உங்களுக்குச் சம்மதமா என்பது வேறு பேச்சு. இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு தனிக் கொடி கட்டுவதற்கு மூன்று முழக் கயிறு போதும்.

#8 வகுப்பறைப் பலகை

பெரியவருக்கும் அஞ்சாம் மாடிக்கும் உள்ள வழக்கு பழைய வழக்கு. மரியாதைப் பேச்சை உலகளவில் ஆராய்ந்த பெனலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1970களில் மூன்று மொழிகளைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டார்கள்: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், கோயம்புத்தூர்ப் பக்கத்து நம்ம தமிழ். அவர்கள் கண்ட ரெண்டு வகை: நீயும் நானும் ஒன்று என்று நெருங்கிக் காட்டும் மரியாதை, உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று விலகிக் காட்டும் மரியாதை. ரெண்டும் எல்லா ஊரிலும் உண்டு, அளவுதான் இடத்துக்கு இடம் மாறும்.

ஜனம் பெருத்த ஊரில் அளவு ஏன் மாறுகிறது என்பதற்கு ஸ்டான்லி மில்கிராம் 1970லேயே ஒரு விளக்கம் சொன்னார். கண்ணிலும் காதிலும் விழுவது தாங்கமுடியாத அளவுக்குக் கூடும்போது, மனிதன் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறான். 2014 கணக்கெடுப்பில் ரங்கூன் வட்டாரத்தில் 73 லட்சத்துக்கு மேல். கேட்காமல் போகிறவருக்கு மனசு இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பர்மியருக்கு விலகிக் காட்டும் மரியாதைக்கு ஒரு சொல்லே இருக்கிறது: ஆனாடே. அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்ற கூச்சம். நம்ம "சங்கடமா இருக்கு" அதற்குக் கிட்டத்தில் வரும்.

#9 டீக்கடை மேசை

ஆனாடே தெரியாவிட்டால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். பர்மியர் நேராக "முடியாது" என்று சொல்லக் கூசுவார்கள். நம்ம ஊரில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைக்குத் தெரியும். அதே காதோடு இங்கேயும் கேட்கணும். பதில் இழுபடுகிறது, பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது என்றால் முடியாது என்று அர்த்தம், இன்னொரு தடவை கேட்டு அவரை நெருக்கக்கூடாது. சாப்பிடச் சொன்னால் முதல் தடவை வேண்டாம் என்பது இங்கேயும் முறை. மூன்றாம் தடவையும் சொன்னால் மனசார அழைக்கிறார் என்று உட்காரலாம். மதியச் சாப்பாட்டில் ஆளுக்கொரு டப்பா கறி நடுவில் வைத்தால் அடுத்தவர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிதான், அதுவும் அவர் தள்ளிவைத்த பிறகு.

டீக்கடையில்:
பலகாரத் தட்டை நீங்கள் கேட்காமலே மேசையில் வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. தொட்டுப் பார்த்துத் திருப்பி வைக்கக்கூடாது, தொட்டால் உங்களுடையது. ஃபிளாஸ்க்கில் இருக்கும் வெறும் தேநீருக்குக் காசு இல்லை. நம்ம பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கவில்லையே என்று கூசி அதைத் தொடாமல் இருக்கிறார்கள், தாராளமாகக் குடிக்கலாம். பால் டீ கேட்கும்போது வெறுமனே "டீ" என்று சொன்னால் பையன் நின்று திரும்பக் கேட்கணும். "சோ செய்ன்" என்றால் இனிப்பும் பாலும் கூட, "ச்சா செய்ன்" என்றால் சாயம் கூட, "பொன் ஹ்மான்" என்றால் சாதாரணம்.

ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தமிடும் சத்தம் எழுப்புவார்கள். ஊரிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் அதைக் கேட்டு முகம் சிவந்துபோகும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று. டீக்கடையில் அது பழைய வழக்கம், யாரையும் கேவலப்படுத்துவது இல்லை. ஆனாலும் நம்ம பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். கையை உயர்த்தி ஆண் பிள்ளை "ஞீலே" என்றாலே, பெண் பிள்ளை "மௌங்லே" என்றாலே வருவார்கள். குளிர்சாதனம் போட்ட காப்பிக்கடைகளில் அந்தச் சத்தம் எடுபடாது.

#10 சப்பேயா

பஸ்ஸுக்கு வருவோம். 2017ல் வைபிஎஸ் என்ற புது நகரப் பஸ் சேவை வந்தபோது நடத்துநர் வேலை போச்சு. முன்னே எல்லாம் உள்ளே போ, இடம் விடு, பெரியவருக்கு எழுந்திரு என்று சத்தம் போட ஒருத்தர் இருந்தார். இப்போது அந்த வேலையைப் பயணிகள்தான் ஆளாளுக்குச் செய்யணும்.

சில்லறையோ கார்டோ ஏறுமுன்பே கையில் இருக்கணும். பெட்டிக்கு முன் நின்று பையைத் துழாவினால் பின்னால் பதினைந்து பேர் வெயிலில். ஏறியதும் நடுவுக்குப் போங்கள். பை முதுகில் இருந்தால் முன்னால் போடுங்கள். பௌத்தத் துறவி ஏறினால் முன் இருக்கையிலிருந்து எழுந்துவிடணும், பெண் பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரக்கூடாது, கைப்பட எதையும் நீட்டக்கூடாது.

இப்போது மிக முக்கியமானது. நெரிசலில் உங்கள் கால் ஒருத்தர்மேல் பட்டுவிட்டால் நாம என்ன செய்வோம்? குனிந்து அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நம்ம மரபில் அதைவிடப் பெரிய மன்னிப்பு இல்லை. பர்மியருக்கு இது தெரியாது. தெரியாத ஆளின் கை தன் காலை நோக்கி, பையை நோக்கி இறங்குகிறது என்று மட்டும்தான் பார்ப்பார். பாக்கெட் அடிக்கிறான் என்று சத்தம் போட்டுவிடக்கூடிய இடம் அது. கையை நெஞ்சுக்கு நேராக வைத்து "கடோநோ" என்று சொல்லுங்கள். ஒருத்தர் தலைக்கு மேலாகக் கம்பியைப் பிடிக்க எட்டும்போதும் அதே சொல்தான். தலையைத் தொடவே கூடாது. நம்ம பாட்டிமார் குழந்தையைக் கண்டதும் உச்சியில் கை வைத்து வாழ்த்துவார்களே, பர்மியக் குழந்தைக்கு அதைச் செய்யாமல் கன்னத்தையோ கையையோ தொட்டால் போதும்.

வெற்றிலைச் சாறை ஜன்னலுக்கு வெளியே துப்பினால் பின் ஜன்னல்காரர் முகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் பை ஒன்று மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். டாக்சியிலிருந்து வலப்பக்கக் கதவால் இறங்குங்கள். 1970லிருந்து வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுகிறது, நடைபாதை அந்தப் பக்கம்தான்.

#11 தன்லின் பெரியவர்

சப்பேயா சொன்ன கால் விஷயம் நியாயம். தொட்டுக் கும்பிடுவதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பிள்ளை அடி வாங்கக் கூடாது.

ஒரு கேள்வி. இந்திய வம்சத்து ஆட்களைச் சொல்லும் "கலா" என்ற சொல்லால் கூப்பிட்டால் பிள்ளை என்ன செய்யணும்? ஊரில் பர்மியரும் நாமும் ஒன்றாக வளர்ந்த இடத்தில் அது பெரிதாகப் படாது. இங்கே அறிமுகம் இல்லாதவர் வாயிலிருந்து வரும்போது குத்துகிறது.

#12 பெகு அக்கா

ஐயா, நல்ல கேள்வி, தாளில் கட்டாயம் வரணும். நாற்காலிக்குப் பேர் "கலாதைங்", கொண்டைக்கடலைக்குப் பேர் "கலாபே". அந்தச் சொல்லோடு வளர்ந்தவர் வாயில் அது யோசிக்காமலும் வரும், இழிவாக வேண்டுமென்றும் வரும். குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும். யோசிக்காமல் சொன்னவரிடம் சண்டைக்குப் போகாமல், சிரிக்கவும் செய்யாமல், "ச்சனோ பேர் இது" என்று பேரைச் சொல்லி நிறுத்தணும். அடுத்த தடவை பெரும்பாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேண்டுமென்று சொல்கிறவரிடம் பதில் பேசாமல் இடத்தை விட்டு நகரணும். பணியிடத்தில் தொடர்ந்து நடந்தால் மேலாளரிடம் தனியாகச் சொல்லணும், எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் முகம் கெட்டுவிடும், வேலை நடக்காது. பொறுத்துக்கொள்வதை மரியாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் மேலே எழுதிய பயம் அப்படித்தான் பழக்கமாகிறது.

#13 ஒலிபெருக்கி

கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வரி. பங்குனி உத்திரமும் தீமிதியும் வரும் காலத்தில்தான், மார்ச்சில், பள்ளி இறுதி அரசுத் தேர்வு. குழாய் ஸ்பீக்கரைத் தெருவுக்குத் திருப்பாமல் கோபுரத்துக்கு உள்பக்கம் திருப்பிக் கட்டினால் பாதிச் சத்தம் குறையும். ரெண்டு நாள் முன்னாலேயே இருபுறக் கட்டடங்களுக்கும் ஆள் போய்ச் சொல்லிவிட்டு, கடைசி நாள் பிரசாதத்தை அதே வீடுகளுக்குக் கொடுக்கணும். கூடத்தில் அன்னதானம் முடிந்து இலையை வெளியே போட்டால் அன்றைக்கே அள்ளணும். ஜெனரேட்டர் புகைக்குழாயை அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேராக வைக்கக்கூடாது, கடைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

#14 பன்சோடான் படித்துறை

விருந்தாளி விஷயம் விட்டுப்போச்சு. ஊரில் சொல்லாமல் வந்து நிற்பதுதான் உரிமை. இங்கே ராத்திரி தங்கும் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் பதியணும், 2021 பிப்ரவரியில் அந்த விதி திரும்ப வந்தது. சொல்லாமல் வந்தால் வீட்டுக்காரர் ராத்திரி அவசரமாக ஓடணும், பதியாமல் விட்டால் அவர்தான் மாட்டுவார். அதனால் முந்தின நாளே போன், அடையாள அட்டை கையோடு, வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேரணும். எத்தனை நாள் தங்குவோம் என்பதையும் வாயால் சொல்லிவிடணும். "எப்போ கிளம்புறீங்க" என்று வீட்டுக்காரர் கேட்க முடியாது, ஆனாடே தமிழனுக்கும் உண்டு.

ஆற்றுக்கு அக்கரை தல்லாவிலிருந்து படகில் வருகிறவர்கள் இறங்கும்போது முந்தாதீர்கள். கூடைக்காரப் பெண்கள் தலைச்சுமையோடு இறங்கிய பிறகு இறங்குங்கள்.

#15 தன்லின் பெரியவர்

தாளின் பின்பக்கத்தில் ஒன்று சேர்க்கச் சொல்கிறேன். பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பும்போது இந்த நகரத்து மரியாதையை அங்கே காட்டினால் "ரங்கூன் போய் வந்ததும் கண்ணு தெரியலை" என்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீட்டு வாசல் வரை பார்க்கும் ஒவ்வொருத்தரிடமும் நின்று கேட்கணும். காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு நடக்கணும். அரை மைல் நடக்க ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். தடின்ஜூட் என்ற பர்மிய விளக்குத் திருநாளுக்குப் போனால் பர்மியப் பெரியவர்களுக்கும் மெழுகுவர்த்தி, பழம் வைத்து "கடோ" செய்யணும். நம்ம காலில் விழுவதும் அதுவும் ஒன்றேதான், அவர்கள் மூன்று தடவை விழுவார்கள்.

#16 ஞாயிறு வகுப்பு

ஐயா, அதைப் பின்பக்கத்தில் போடவில்லை, முன்பக்கத்திலேயே பாதி இடம் ஒதுக்கியாச்சு. ரெண்டு ஊருக்கும் ரெண்டு பத்தி: இங்கே, அங்கே.

கடைசியாக ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டார் கறி கொடுத்தனுப்பினால் பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது நம்ம வீட்டுப் பழக்கம். ரங்கூனில் கீழ்மாடிக்காரர் கயிற்றுக் கூடையில் வைத்து மேலே அனுப்பிய கிண்ணத்தை எப்படித் திருப்புவது? ஏறி இறங்கிக் கையில் கொடுக்கணுமா?

#17 அஞ்சாம் மாடி

கயிற்றில் வந்தது கயிற்றிலேயே போகலாம், அவரைக் கதவு திறக்கவைக்க வேண்டாம். கிண்ணத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, உள்ளே ரெண்டு எலுமிச்சையோ ஒரு கைப்பிடி சர்க்கரையோ போட்டு அனுப்புங்கள். சர்க்கரை என்றால் காகிதத்தில் பொதிந்து போடுங்கள். கண்ணாடிக் கிண்ணமாக இருந்தால் துணியில் சுற்றிக் கூடையின் நடுவில் வைக்கணும், ஓரத்தில் வைத்தால் இறங்கும்போது கூடை சாயும். கூடை அவர் பால்கனிக்கு நேராக வந்ததும் ஒரு முறை மணி.

#18 தன்லின் பெரியவர்

மணி அடித்த பிறகு மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "கறி நல்லா இருந்துச்சு" என்று ஒரு வார்த்தை.

#19 அஞ்சாம் மாடி

சரிங்க ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், ஞாயிறு வகுப்பு.